தண்ணீரில் தேறிய மூடி

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. தம்பி அப்போது மூடி விற்பவரோடு தொலைபேசியில் வெள்ளை நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "நீங்க அனுப்பினது வெள்ளையா சார்? பல்லே தேய்க்காதவன் பல்லு மாதிரி இருக்கு" என்று அவன் சொல்லவும், மேசைமேல் கிடந்த கைபேசி அதிரவும் சரியாக இருந்தது. அத்தான். மின்விசிறியும் மிக்சியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற அத்தான், வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட மாட்டார். அவர் கை எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும்.

"உங்க அக்கா எந்திரிக்க மாட்டேங்கிறாடா" என்றார். "டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டார். நீ வந்துடு."

இன்னொரு காதில் மூடி விற்பவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை பால் மாதிரி தர்றேன் சார். பாலே வெக்கப்படும்."

தம்பி இரண்டையும் கீழே வைத்தான். நேராக வாசலுக்குப் போகாமல் மாடியேறி, அக்கா வேலை பார்க்கும் தரப்பிரிவுக்குப் போனான். அன்று அவள் விடுப்பு என்று தெரிந்துதான் போனான். நாற்காலியின் முதுகில் அவளுடைய வெள்ளைக் கோட்டு தொங்கியது. பையில் கையை விட்டான். ஆறு மூடிகள் இருந்தன. அவள் இருந்த இடமெல்லாம் மூடி இருக்கும்; கைக்குட்டையை உதறினால்கூட ஒன்று விழும். ஆறையும் தன் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அக்காவுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு முன்னால் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'இன்னொருதடவை'. எந்தச் சோதனை முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இன்னொரு தடவை பாத்துட்டு வாங்க" என்பாள். ஒரு தடவை சரியாக வந்தால் அது மூடியின் அதிர்ஷ்டம், மூன்று தடவை வந்தால்தான் அது மூடியின் குணம் என்பது அவள் கட்சி. பின்னால் சொல்லும் பெயர் அவளுக்கும் தெரியும். ஒருநாள் படியிறங்கும்போது யாரோ அதை முணுமுணுக்க, நின்று, "காதுல சரியா விழல. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். அன்று மாலைவரை அந்த மாடியில் யாரும் வாய் திறக்கவில்லை.

பத்தொன்பது வயதில் அவள் அங்கே வந்தது லைனில் நிற்கும் வேலைக்கு. ஓடுகிற பட்டையின் ஓரம் நின்று, இயந்திரம் சரியாகத் திருகாமல் விட்ட மூடிகளைக் கையால் திருகிவிட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை என்று அவள் எண்ணியதில்லை. வலது கட்டைவிரல் எண்ணி வைத்திருந்தது. அதன் உள்பக்கம் தோல் தடித்து, ஊசி குத்தினாலும் உணராத அளவுக்குக் காய்த்துப்போயிருந்தது. வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடினாள். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்தில் முடித்தாள். தரப்பிரிவில் நாற்காலி கொடுத்த முதல் நாள், பழக்கதோஷத்தில் பாதி நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள்.

மூடிமேல் இவளுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எல்லோரும் காரணம் தேடினார்கள். பிள்ளை இல்லாதவள், அதனால்தான் என்றார்கள் சிலர். சின்ன வயதில் வீட்டில் ஏதோ நடந்திருக்கும் என்றார்கள் சிலர். ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"பாலம் கட்டுறவன் ஆத்துல முழுகிச் செத்தவனுக்கு அண்ணனா இருக்கணுமா என்ன?" என்றாள் அக்கா. "வேலைன்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. அதைச் சரியாப் பாக்குறதுக்குத் தனியா ஒரு சோகக்கதை வேற வேணுமா?"

தம்பி அதே தொழிற்சாலைக்கு வந்தது பல வருடம் கழித்து, கொள்முதல் பிரிவுக்கு. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேரில், ஒருவன் 'வாங்கலாம்' என்று சொல்வதற்கும் ஒருத்தி 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் சம்பளம் வாங்கினார்கள். அலுவலகத்தில் அவன் அவளை 'மேடம்' என்பான். அவள் அவனை 'சார்' என்பாள். அவன் தேடிப்பிடித்து வாங்கவிருந்த மூடிகளை அவள் திருப்பி அனுப்பும்போதெல்லாம் முறைப்படி ஒரு கடிதம் வரும். 'மதிப்பிற்குரிய கொள்முதல் அலுவலர் அவர்களுக்கு' என்று தொடங்கி, மூடியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடியும். அன்று மாலை அவன் அவள் வீட்டுப் படியேறினால், "மதிப்பிற்குரிய அலுவலரே, செருப்பை ஓரமாக் கழட்டுங்க. கைகழுவிட்டு வந்து உக்காரு, சூடா இருக்கு" என்பாள்.

அந்த வீட்டில்தான் ஒரு வேடிக்கை. அங்கே எந்த டப்பாவுக்கும் மூடி மூடியிருக்காது. சர்க்கரை டப்பா திறந்திருக்கும். எண்ணெய் பாட்டில் திறந்திருக்கும். பற்பசை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அத்தான் அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவார். கேட்டால், "நாள் பூரா மூடிட்டு வர்றவளை வீட்டுலயும் மூடச் சொல்றீங்களா?" என்பாள். "இங்க மூடுறது உங்க டிபார்ட்மென்ட்."

கடைசிச் சண்டை, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் மூடியில் வந்தது.

அந்த மூடி தம்பி கண்டுபிடித்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடிகள். வெளிமூடியை அழுத்திக்கொண்டே திருகினால்தான் அது உள்மூடியைப் பிடித்து இழுத்துத் திறக்கும். அழுத்தாமல் திருகினால் 'டக் டக் டக்' என்று வெளிமூடி மட்டும் சும்மா சுற்றும். குழந்தைக்கு அழுத்தவும் திருகவும் ஒரே நேரத்தில் வராது, அதுதான் சூட்சுமம். லைனில் ஓடிக்கொண்டிருந்த பழைய மூடியும் அதே வகைதான். ஆனால் அது கனம், அடிக்கடி சிக்கிக்கொள்ளும். புதியது லேசு, வேகம், பார்க்கவும் லட்சணம். சோதனைக்கூடத்தில் முந்நூறு பாட்டிலில் போட்டுப் பார்த்தார்கள். முந்நூறும் தேறின. படிவத்தில் இரண்டு கையெழுத்துதான் பாக்கி: தரப்பிரிவு ஒன்று, கொள்முதல் ஒன்று.

மேலாளர் கூட்டம் போட்டார். எதைச் சொன்னாலும் "நல்லதுப்பா" என்பவர் என்பதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"முந்நூறும் பாஸ். நல்லதுப்பா" என்றார்.

"பாட்டில்ல என்ன ஊத்தி டெஸ்ட் பண்ணாங்க சார்?" என்று கேட்டாள் அக்கா.

"எப்பவும் ஊத்துறதுதான். தண்ணி."

"ஏன் தண்ணி?"

"பாகு ஊத்தினா கூடம் பூரா பிசுபிசுன்னு ஆயிடும். எறும்பு வரும். வருஷக்கணக்கா தண்ணிதானேப்பா?"

"வருஷக்கணக்கா நானும் வாயை மூடிட்டு இருந்துட்டேன். அது என் தப்பு" என்றாள். "நாம தண்ணி விக்கல சார். சர்க்கரைப் பாகு விக்கிறோம். ஸ்பூன்ல ஊத்தும்போது பாட்டில் வாயோரமா வழியும். அதை யாரும் தொடைக்க மாட்டாங்க. அப்படியே மூடி வெப்பாங்க. அது ரெண்டு மூடிக்கும் நடுவுல எறங்கிக் காஞ்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது."

தம்பிக்கு எரிச்சல். "மேடம், ஒரு மூடி தேறணும்னா இன்னும் என்னதான் பண்ணணும்? தேன்ல முக்கணுமா?"

"தேன் வேணாம் சார். மருந்து கலக்காத பாகு இருபத்துநாலு பாட்டில் குடுங்க. முப்பது நாள். கூடத்துல எறும்பு வரும்னா என் வீட்டுக்கு வரட்டும்."

மேலாளர் எல்லோரையும் பார்த்தார். "நல்லதுப்பா" என்றார். அவர் வேறு எதுவும் சொல்லிப் பழக்கமில்லை.

கேட் பாஸ் எழுதி, இருபத்துநாலு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சமையலறை மேசையின் நான்கு கால்களுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள், எறும்பு ஏறாமல் இருக்க. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஒவ்வொரு பாட்டிலாக அழுத்தித் திறப்பாள். ஒரு ஸ்பூன் ஊற்றுவாள். வாயைத் துடைக்காமல் மூடுவாள். பிறகு அழுத்தாமல் ஒருமுறை திருகிப் பார்ப்பாள். சும்மா சுற்றினால் நோட்டில் ஒரு டிக். அடுத்த பாட்டில். ஊற்றிய பாகையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்துக் கொட்டுவது அத்தான் வேலை.

இருபதாம் நாள் மாலை தம்பி போனபோது அவள் ஏழாம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "ஏழும் பதினஞ்சும் ஒட்டிக்கிச்சுடா."

"ரெண்டுதானே?"

"ரெண்டு போதாதுன்னுதான் நானும் சொல்றேன். என் கை வழுக்கி அழுத்தியிருக்கலாம். அதனாலதான் வேண்டாம்னும் எழுதல, வேணும்னும் கையெழுத்துப் போடல. இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து நாள் அந்த ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றது? தினம் போன் பண்றார். என் பேர்தான் கெடுது."

"எங்க அக்கா பாட்டிலுக்கு மூடி போட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லு."

"நீ வேலை பாக்குறியா, வீம்பு பண்றியா?"

"ரெண்டும் ஒண்ணா வர்ற வேலைடா இது. உக்காரு, சாப்பிடு."

அவன் உட்காரவில்லை. பசியோடு தன் வீட்டுக்குப் போனான். அவளோடு அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மூன்றாம் நாள் காலை, அத்தான் கடைக்குப் போய் ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் போய்விட்டாள். இதயம் என்றார் டாக்டர். ஐம்பத்தொரு வயது.

நான்காம் நாள் அவன் வேலைக்குத் திரும்பினான். உணவுக்கூடத்தில் எல்லோரையும் நிறுத்தி மேலாளர் இரங்கல் சொன்னார். நல்ல மனிதர், கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "மேடத்துக்குப் பிள்ளைங்க கிடையாது. அதனாலதான் ஊர்ல இருக்கிற பிள்ளைங்களையெல்லாம் தன் பிள்ளையா நெனச்சாங்க" என்றார்.

"இல்ல சார்" என்றான் தம்பி.

கூடம் திரும்பிப் பார்த்தது.

"அவங்களுக்குக் குழந்தைங்கன்னா அவ்வளவாப் பிடிக்காது. பஸ்ல பக்கத்துல அழுதா எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவாங்க. வேலையைச் சரியாப் பாத்தாங்க. அவ்வளவுதான். அதைச் சொல்லுங்க, போதும்."

யாரோ இருமினார்கள். மேலாளர் தலையை ஆட்டினார். அன்றைக்கு 'நல்லதுப்பா' வரவில்லை.

மதியம் அவனை அறைக்குக் கூப்பிட்டார். மூடி விற்பவரும் அங்கே உட்கார்ந்திருந்தார், முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு. மேசைமேல் அந்தப் படிவம்.

"தரப்பிரிவுக்கு ஆள் போடுற வரைக்கும் நீயே பொறுப்பு அதிகாரிப்பா. ஆர்டர் போட்டாச்சு" என்றார் மேலாளர். "ரெண்டு கட்டத்துலயும் நீயே கையெழுத்துப் போட்டுடு. மேடம் வேண்டாம்னு எழுதலையே? முந்நூறும் பாஸ் ஆனதுதானே?"

எல்லாம் சரிதான். அவள் வேண்டாம் என்று எழுதவில்லை. அவன் கொண்டுவந்த மூடி. அவன் கொடுத்த வாக்கு. பேனாவையும் எடுத்துவிட்டான். பிறகு, "கம்பெனி பாட்டில் இருபத்துநாலு வீட்டுல இருக்கு சார். அதைத் திருப்பிட்டு வந்து போடறேன்" என்றான்.

அத்தான் கதவைத் திறந்தார். வீட்டில் எல்லா டப்பாவும் மூடியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் தம்பிக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, சமையலறைக்குப் போனான்.

மேசை அப்படியே இருந்தது. கிண்ணங்களில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. நோட்டு விரித்தபடி கிடந்தது. இருபத்துமூன்றாம் நாள், காலை. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை டிக், முன்பு ஒட்டிக்கொண்ட ஏழுக்கும்கூட. பதினான்கில் நேரம் மட்டும் எழுதியிருந்தாள், டிக் இல்லை. பதினான்காம் பாட்டில் திறந்திருக்க, அதன் மூடி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மற்ற இருபத்துமூன்றும் மூடியபடி நின்றன. நான்கு நாளாக அவற்றை யாரும் தொடவில்லை.

தம்பி முதல் பாட்டிலை எடுத்தான். அழுத்தாமல் திருகினான். 'டக் டக்' வரவில்லை. மூடி கையோடு வந்துவிட்டது.

அவள் டிக் போட்ட பாட்டில் அது.

இரண்டாவதை எடுத்தான். சுற்றியது. மூன்றாவது கையோடு வந்தது. அத்தானைக் கூப்பிட்டான். தன் கை பொய் சொல்லலாம். அவர் கை மோட்டாரின் நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் கை. "அழுத்தக் கூடாது அத்தான். சும்மா ரெண்டு விரலால திருகுங்க." முதலிலிருந்து அவரும் திருகினார். இருபத்துமூன்றில் பதினொன்று, அழுத்தாமலே திறந்தன. பாகு நடுவில் இறங்கி, நான்கு நாள் அசையாமல் நின்று, கல்லாகி, இரண்டு மூடியையும் ஒரே மூடியாக ஆக்கியிருந்தது. நாலு வயதுக் குழந்தை எதற்கு, காற்றுக்கே திறந்துவிடும்போல இருந்தது.

"தினம் ரெண்டு தடவை திறந்து மூடினா இறுக நேரமில்ல" என்றார் அத்தான், மூடியை வெளிச்சத்தில் உருட்டியபடி. "அவ திறந்துக்கிட்டே இருந்ததாலதான் இது அவளுக்குத் தெரியல."

தம்பி பாட்டில்களை வரிசையாகப் பார்த்தான். காய்ச்சல் விட்டபிறகு எந்த வீட்டில் மருந்து பாட்டிலைத் தொடுகிறார்கள்? அலமாரியில் அது மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அடுத்த காய்ச்சல் வரும்வரை. அவ்வளவு யோசித்த அக்காவும் அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பாட்டிலை மேலாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். மூடி விற்பவரும் வந்திருந்தார்.

"அழுத்தாம திருகுங்க சார்."

திருகினார். திறந்தது. "நல்லது..." என்று வாய் தன்பாட்டுக்குத் தொடங்கி, பாதியில் நின்றது.

"லேபிள்ல ஒரு வரி போட்டுடலாம் சார்" என்றார் மூடி விற்பவர். "வாயைத் துடைச்சிட்டு மூடவும்னு."

"அழற குழந்தையை மடியில அமுக்கிப் புடிச்சிக்கிட்டு, ஒரு கையில ஸ்பூன், ஒரு கையில பாட்டில். துடைக்கிறதுக்கு மூணாவது கை நீங்க சப்ளை பண்றீங்களா?" என்றான் தம்பி.

மேலாளர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். "இது முறையான டெஸ்ட் இல்லப்பா. நாலு நாள் யாரும் தொடவேயில்லன்னு நீயே சொல்ற."

"ஆமா சார். தொடல. ஏன் தொடலன்னு உங்களுக்குத் தெரியும்."

மேலாளர் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீ கொண்டுவந்த மூடிப்பா இது" என்றார். "இப்ப நீயே மாட்டேன்னா எப்படி? நீ போடலேன்னா வேற யாராவது போடுவாங்க."

"போடட்டும் சார். அவங்க கையெழுத்துக்குப் பக்கத்துலயே என் கடிதமும் இருக்கும்."

தன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்து, அவளுடைய பழைய கடிதங்களில் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினான். தரப்பிரிவின் பொறுப்பு அதிகாரி என்ற முறையில் எழுதினான். 'மதிப்பிற்குரிய கொள்முதல் அலுவலர் அவர்களுக்கு' என்று தொடங்கினான். தங்கள் பிரிவு பரிந்துரைத்த மூடி பாகில் பரிசோதிக்கப்பட்டது. நான்கு நாள் அசையாமல் இருந்த இருபத்துமூன்றில் பதினொன்று அழுத்தாமலே திறந்தன. ஆகவே இம்மூடி வேண்டாம். இன்னொரு தடவை, பாகிலேயே, கூடத்திலேயே, எறும்பு வந்தாலும் சரி, சோதிக்கப்பட வேண்டும். தங்கள் உண்மையுள்ள. கையெழுத்துப் போட்டான். பிறகு அதே பேனாவால், அதே தாளின் அடியில், கொள்முதல் அலுவலர் என்ற முறையில் 'கிடைக்கப்பெற்றேன்' என்று எழுதி இன்னொரு கையெழுத்தும் போட்டான். மேலாளர் கேட்டபடி இரண்டு கையெழுத்தும் அவனே போட்டாயிற்று.

கடிதம் மேலாளரின் இழுப்பறைக்குள் போனது. அங்கிருந்து மேலே போனதா என்று யாரும் சொல்லவில்லை. மூடி விற்பவர் போன் செய்வதை நிறுத்திவிட்டார். மேலாளர் அவனோடு வேலைப் பேச்சு தவிர வேறு பேசுவதில்லை. பின்னால் அவனுக்கும் ஒரு பெயர் வந்திருப்பது அவனுக்குத் தெரியும்: 'இன்னொருதடவையோட தம்பி'. அவன் படியிறங்கும்போது நின்று யாரையும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் துணிச்சல் அவளுடையது. ஆனால் லைனில் பழைய மூடிதான் ஓடுகிறது, கனமாக, அடிக்கடி சிக்கிக்கொண்டு. சோதனைக்கூடத்தில் பாகு ஊற்றிய பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்களோடு.

மேலாளரிடம் காட்டிய முதல் பாட்டிலைத் தம்பி திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தபிறகு, அத்தான் பெட்டியை ஆட்டோவில் வைத்துத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுவந்தார். காவலாளி கேட் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார்.

"இருபத்துநாலுன்னு போட்டிருக்கு. இருபத்துமூணுதான் இருக்கு."

"ஒண்ணு வீட்டுல இருக்கு" என்றார் அத்தான்.

"எப்பக் கொண்டாருவீங்க?"

அத்தான் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். காவலாளி கணக்கை முடிக்காமலே பாஸைக் கம்பியில் குத்தி வைத்தார்.

பதினான்காம் பாட்டில் அந்தச் சமையலறை மேசையில்தான் நிற்கிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அத்தான் மூடிவிட்டார். அதன் மூடி மட்டும் பக்கத்தில் கவிழ்ந்தபடி இருக்கிறது.